ஒரு பல் நகர எத்தனை நாள்?

(வேப்பனப்பள்ளியில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூடுகையில் பிரசவ வார்டைப் பற்றியும் கண் முகாம்களைப் பற்றியும் உங்களிடம் பேசுவோம். இந்த ஆண்டு பல்லைப் பற்றிப் பேசப்போகிறோம். சாப்ளினுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சம்பந்தம் உண்டு. உங்களில் ஒருவர் எங்கள் பல் பிரிவுக்கு ஒரு கருவி வாங்கித் தர முன்வந்தார். விலை உயர்ந்த கருவி. காலமான தம் மனைவியின் நினைவாகத் தர விரும்பினார். நாங்கள் அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. கொடுக்க வந்த கையை ஏன் நிறுத்தினோம் என்று உங்களுக்குக் கணக்கு ஒப்புவிக்கும் கடமை எங்களுக்கு இருக்கிறது. அந்தக் கணக்குதான் இன்றைய பேச்சு.

அந்தச் சகோதரர் இன்று நம் நடுவில்தான் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். பெயரைத் தவிர மற்றதைச் சொல்ல அனுமதி தந்திருக்கிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு புதன்கிழமை, இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு இருபத்திரண்டு வயது. ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி விடுதியில் தங்கி, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறி உழைக்கிற பிள்ளை. மேல்வரிசைப் பற்கள் எத்தலாக முன்னே நின்றன. கீழே இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. பல்லில் பழுப்புக் கறையும் இருந்தது. அந்தக் கறையை நம் மாவட்டத்தார் எல்லாரும் அறிவோம். நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடு தந்த அடையாளம் அது. 2013இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வருமுன் ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அது இருக்கிறது.

அந்த மகள் கையில் ஒரு துண்டு விளம்பரத்தை மடித்து வைத்திருந்தாள். பேருந்து நிலையத்தில் யாரோ கொடுத்ததாம்.

"ஆறே மாசத்துல பல்லு வரிசையாயிடும்னு போட்டிருக்குதுங்க அய்யா. எலும்புல சின்னதா ஒரு ஆபரேஷன் பண்ணா போதுமாம். இங்க அது உண்டுங்களா?"

அவள் கேட்டு முடிக்குமுன் தாயார் சேர்ந்துகொண்டார். "பொண்ணு பார்க்க வந்தவங்க பல்லைப் பத்திப் பேசிட்டுப் போனாங்கய்யா. தை பொறக்கறதுக்குள்ள சரி பண்ணிட்டா முடிச்சுக்கலாம்னு சொல்றாங்க."

அப்பொழுது ஆனி மாதம். தைக்கு ஏழு மாதம்கூட இல்லை.

இதே வாரத்தில்தான் நம் சகோதரரின் கடிதமும் வந்தது. அவர் வாங்கித்தர எண்ணிய கருவி, அந்த விளம்பரம் சொன்ன சிறு அறுவைக்கு உதவுவது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததைக் கண்டு, இது மேலிருந்து வந்த வழிநடத்துதல் என்றே முதலில் எண்ணிவிட்டோம். அப்படி எண்ணியது அவசரம் என்று பிறகுதான் தெரிந்தது.

புதன்தோறும் பெங்களூரிலிருந்து வந்து எங்களுக்கு உதவுகிற பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர் உண்டு. டாக்டரம்மா என்றுதான் எல்லாரும் அழைக்கிறோம். அவரிடம் இந்தச் சங்கதியை விளக்கமாகக் கேட்டோம். அவர் சொன்னதை எங்களுக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்லுகிறோம்.

பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அகலத்தில் நார்கள் நிறைந்த ஒரு மெத்தை இருக்கிறது. கம்பி போட்டுப் பல்லை ஒரு பக்கமாக மெதுவாக அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கிற செல்கள் வேலை செய்கின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டுகிற செல்கள் வேலை செய்கின்றன. முன்னே சுவரை இடித்துக்கொண்டே பின்னே சுவரைக் கட்டிக்கொண்டே போவது போன்ற வேலை இது. ஆகவே வேகம் குறைவு. ஒரு பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். இடம் உண்டாக்க ஒரு முன்கடைவாய்ப் பல்லை எடுத்தால் அங்கே சுமார் ஏழு மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அதை மூடவே பல மாதங்கள் ஆகும். அதன்பின் வேர்களை நிமிர்த்த வேண்டும், கடியைச் சரிப்படுத்த வேண்டும். இப்படியாக முழுச் சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

இந்தக் காலத்தைக் குறைக்க முடியாதா என்ற கேள்வி பழையது. 1959இல் ஹைன்ரிக் கோலே என்னும் அறுவை மருத்துவர் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். ஈறைத் திறந்து, பற்களுக்கு நடுவே எலும்பின் கெட்டியான மேலோட்டில் வெட்டுக் கொடுத்து, பிறகு கம்பியால் இழுப்பது. பற்கள் விரைவாக நகர்ந்தன. எலும்புத் துண்டு பல்லோடு சேர்ந்து கட்டியாக நகர்கிறது என்று அவர் கருதினார்.

அது அப்படியல்ல என்பது பின்னால் தெளிவாயிற்று. அமெரிக்காவில் எலும்பைப் பற்றி ஆராய்ந்த ஹெரால்டு ஃப்ராஸ்ட் 1983இல் ஒரு கருத்தை விளக்கினார். எலும்பின் ஓரிடத்தில் காயம் பட்டால், அதைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் விழித்துக்கொள்கிறது. கரைப்பதும் கட்டுவதும் அங்கே வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக நடக்கின்றன. சில காலம் எலும்பு இளகி நிற்கிறது. காயம் ஆறியபின் மறுபடி இறுகிவிடுகிறது. பல் விரைந்து நகர்வதற்குக் காரணம் இந்த இளக்கமே.

பென்சில்வேனியாவில் ஈரி என்னும் ஊரில் வில்க்கோ சகோதரர் இருவர் இருந்தார்கள். ஒருவர் பல் சீரமைப்பு மருத்துவர், மற்றவர் ஈறு மருத்துவர். அவர்கள் ஈறைத் திறந்து, எலும்பின் மேலோட்டில் ஆழமில்லாத கீறல்களும் புள்ளிகளும் இட்டு, மேலே எலும்புத் தூளை வைத்துத் தைத்தார்கள். நெரிசலான பற்கள் உடைய இருவருக்கு ஆறு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் சிகிச்சை முடிந்ததாக 2001இல் வெளியிட்டார்கள். 'ஆறு மாதம்' என்ற சொல் உலகமெங்கும் பரவியது அதன்பிறகுதான்.

அதன்பின் காயத்தைச் சிறிதாக்கும் முயற்சிகள் தொடர்ந்தன. 2006இல் கொரியாவில், ஈறைத் திறக்காமலே மெல்லிய கத்தியைச் சிறு சுத்தியலால் தட்டி எலும்பில் இறக்கும் முறை வந்தது. 2009இல் பாஸ்டனில் செர்ஜ் டிபார் என்பவரும் கூட்டாளிகளும், ஈறில் சிறு கீறல்கள் மட்டும் இட்டு, அதன்வழியே பியஸோ கருவியின் முனையைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் ஆழம் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம் சகோதரர் தர நினைத்தது இந்தப் பியஸோ கருவிதான். காதுக்கு எட்டாத ஒலி அலையின் அதிர்வில் அது கடினமான எலும்பை அறுக்கும். மென்மையான சதையையும் நரம்பையும் எளிதில் வெட்டாது. நல்ல கருவி, அதில் சந்தேகமில்லை. 2013இல் நியூயார்க்கில் அலிகானி என்பவரின் குழு, திருகாணி போன்ற சிறு கருவியால் எலும்பில் துளைகள் மட்டும் இட்டு, இருபது பேரிடம் சோதித்தது. இருபத்தெட்டு நாளில் கோரைப்பல் இரண்டு மடங்குக்கும் சற்று அதிக வேகத்தில் நகர்ந்ததாக எழுதினார்கள்.

டாக்டரம்மா இதையெல்லாம் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் எளிய சொற்களில் விளக்கினார். தாயார் விவசாயக் குடும்பம், மாந்தோப்பிலும் ராகிக் கொல்லையிலும் உழைத்தவர். கேட்டுவிட்டு, "உழுத நிலம் மாதிரிங்களா டாக்டரம்மா? கெட்டி மண்ணைக் கிளறி விடறீங்க" என்றார்.

"அதேதாம்மா. ஆனா உழுத நிலம் எத்தனை நாளைக்கு அப்படியே இருக்கும்?"

"மழை பெஞ்சு காஞ்சா மறுபடி இறுகிப்போயிடுங்களே."

அன்று வேதசாஸ்திரம் படித்த எங்களுக்கும் விஷயம் விளங்கியது அந்தத் தாயின் வாயால்தான். எலும்பின் இளக்கம் முதல் ஓரிரு மாதங்களில் அதிகம். ஏறக்குறைய நான்கு மாதத்தில் அது அடங்கிவிடும். ஒரு மாதத்துக்கு இரட்டை வேகம் என்றால் முழுச் சிகிச்சையும் பாதியாகிவிடும் என்று பொருள் இல்லை. இருபது மாதச் சிகிச்சையில் சில மாதங்கள் குறையலாம், அவ்வளவுதான். கடைசியில் கடியைச் சரிப்படுத்தும் நுணுக்கமான வேலைக்கு இந்த வேகம் உதவாது. முடிந்தபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதபடி போட்டுக்கொள்ளும் பிளேட்டின் காலமும் குறையாது.

மற்றொன்றும் உண்டு. நிலம் இளகியிருக்கும்போதே விதைத்தாக வேண்டும். சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து கம்பியை முறுக்கினால் போதும். இந்த அறுவை செய்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும். வரத் தவறினால் காயம் பட்டதுதான் மிச்சம், வேகம் வீணாகிவிடும். வலிக்கும் வீக்கத்துக்கும் சில வகை மாத்திரைகள் இந்த எலும்பு வேலையையே மந்தமாக்கக்கூடும் என்பதால் அவற்றையும் தவிர்க்கச் சொல்லுகிறார்கள். ஈறு நோய் உள்ளவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும், எலும்புத் தேய்வுக்குச் சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

ஆராய்ச்சிகள் என்ன சொல்லுகின்றன என்றும் கேட்டோம். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து நிறுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2015இல் இந்த அறுவைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தேடியது. தகுதியானவை என்று அவர்களுக்குக் கிடைத்தவை நான்கு மட்டுமே. நான்கிலும் சேர்த்து 57 பேர். பல் சற்று விரைவாக நகர்கிறது என்பதற்கு ஓரளவு அடையாளம் உண்டு, ஆனால் சான்று பலவீனமானது, உறுதியாகச் சொல்ல இன்னும் நல்ல ஆய்வுகள் வேண்டும் என்பதே அவர்கள் முடிவு. எலும்பில் துளையிடும் முறையைப் பற்றி ஜோர்டானில் 2018இலும் எகிப்தில் 2019இலும் வெளிவந்த ஆய்வுகளில், துளையிட்ட பக்கத்துக்கும் இடாத பக்கத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

டாக்டரம்மா இந்த முறையை வெறுக்கிறவர் அல்ல. நடுவயதைத் தாண்டிய பள்ளி ஆசிரியர் ஒருவரை, முன்பற்களுக்கு முன்னே எலும்பு மிக மெல்லியதாக இருந்ததால், எலும்புத் தூள் வைத்துச் செய்யும் அறுவைக்காக அவரே பெங்களூருக்கு அனுப்பினார். அவருக்கு அது நன்மையாகவே முடிந்தது. யாருக்கு, எதற்கு என்று பார்த்துச் செய்தால் அது நல்ல கருவி. எல்லாருக்கும் ஆறு மாதம் என்று சொல்லும்போதுதான் அது பொய்யாகிறது.

அந்த மகளிடம் அவர் ஒளிக்காமல் சொன்னார். "தைக்குள்ள முடியாதும்மா. ஆபரேஷன் பண்ணாலும் முடியாது. ரெண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை லீவு போட்டு வர உன்னால முடியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "புதன்கிழமை முடியாதுங்க. ஒரு ஷிப்ட் விட்டா அந்த மாச ஊக்கத்தொகையும் போயிடும்."

வெளியே வந்ததும் தாயார் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது ஆறு மாசம்னு ஒரு வார்த்தை அவங்ககிட்டச் சொல்லுங்கய்யா. அப்புறம் தள்ளிப் போனா போகட்டும்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் சபைக்குத் தெரிந்தவர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சம்பந்தம் கார்த்திகையில் முறிந்துபோயிற்று. நாங்கள் சொல்லாத அந்த ஒரு வார்த்தையால்தான் முறிந்ததா என்ற கேள்வி எங்களை விட்டு இன்னும் நீங்கவில்லை. பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபின், உண்மையைச் சொன்னதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடவும் முடியவில்லை.

சகோதரருக்குப் பதில் எழுதினோம். கருவி வேண்டாம் என்று எழுதவில்லை. இப்பொழுது வாங்க மனம் இல்லை, நேரில் வந்து பேசலாமா என்று கேட்டோம். அவர் வருந்தினார். மனைவியின் பேரில் கொடுப்பதைத் தள்ளிவிட்டார்களே என்று அவருக்குத் தோன்றியது இயற்கைதான். இரண்டு மாதம் அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கமிட்டியிலும் சிலர் எங்களைக் கடிந்துகொண்டார்கள். கொடுக்கிறவரை வருத்திவிட்டு யாரை நம்பி மருத்துவமனை நடத்தப்போகிறோம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பிறகு ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அவரே வந்தார். பல் பிரிவின் வாசல் பெஞ்சில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தார். ஓசூர்த் தொழிற்சாலையில் பல ஆண்டு ஷிப்ட் மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவர் அவர். சாயங்காலம் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கம்பி போட்டுக்கொண்டவர்களின் பெயருக்கு நேரே எத்தனையோ 'வரவில்லை'. 'பிராக்கெட் விழுந்துவிட்டது' என்ற குறிப்புகளும் பல. ஃப்ளோரைடு கறை படிந்த எனாமலில் பிராக்கெட் சரியாகப் பிடிப்பதில்லை, அடிக்கடி கழன்று விழுகிறது. விழுந்ததை ஒட்ட ஒரு புதன்கிழமை கிடைப்பதற்குள் ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஓடிவிடுகிறது. பல்லும் திரும்பிப் போய்விடுகிறது.

பதிவேட்டை மூடிவிட்டு அவர் சொன்னார்: "எங்க லைன்ல உற்பத்தி குறைஞ்சா, வேலை எங்க நின்னுபோகுதுன்னுதான் முதல்ல பார்ப்போம் ஐயா. நல்லா ஓடற இடத்துல இன்னொரு மெஷினைக் கொண்டுவந்து போட்டு என்ன பிரயோஜனம்? இங்க எலும்பு மெதுவா நகரலை. ஆளுதான் வர முடியலை."

பல் சிகிச்சை நீண்டுபோவதற்கு முக்கியமான காரணங்களில் தவறிய நாட்களும் கழன்று விழுந்த பிராக்கெட்டுகளும் உண்டு என்பது மற்ற நாட்டு ஆய்வுகளிலும் தெரிந்த விஷயமே என்று டாக்டரம்மா சொன்னார். எங்கள் பதிவேட்டிலேயே அது எழுதியிருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை திறந்தா இந்தப் பிள்ளைங்க எல்லாம் வரும்" என்றார் சகோதரர்.

இங்கேதான் தடையாக நின்றது நாங்களே. ஓய்வுநாளில் பல் பிரிவைத் திறப்பதா? செமினரியில் படித்த காலத்திலிருந்து அவசர சிகிச்சை தவிர வேறெதற்கும் ஞாயிறன்று கதவைத் திறந்ததில்லை. இதைப் பற்றி ஒரு மாதம் ஜெபித்தோம், வாதாடினோம். முடிவில், ஓய்வுநாளில் சுகமாக்கினதற்காக நம் ஆண்டவரையே குற்றம் சாட்டினவர்கள் யார் என்பதை நினைத்து வெட்கப்பட்டோம். ஆராதனை முடிந்தபின் மத்தியானம் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை என்று ஒத்துக்கொண்டோம்.

ஆகவே அந்தக் காணிக்கை இப்படிச் செலவாகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு பல் பிரிவு திறந்திருக்கிறது. டாக்டரம்மாவோடு ஒரு இளம் மருத்துவரும் வருகிறார். கறை படிந்த பல்லுக்கு ஏற்ற ஒட்டும் பொருளை நல்ல தரத்தில் வாங்குகிறோம். ஒரு பிராக்கெட் விழுந்தால் அந்த வாரத்துக்குள் ஒட்டித்தர, பயிற்சி பெற்ற பல் உதவியாளர் ஒருவரை வைத்திருக்கிறோம். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது நமக்குப் பெரிய உதவி. அந்தப் பேருந்து இல்லாத வழியில் வருகிறவர்களுக்கு மட்டும் பயணச் செலவு கொடுக்கிறோம். எலும்பில் அறுவை தேவைப்படுகிறவர்களை, தேவை என்று டாக்டரம்மா சொன்னால் மட்டும், கடிதம் கொடுத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறோம்.

இதில் சுவரில் பெயர்ப்பலகை பதிப்பதற்கு ஒரு கருவியும் இல்லை என்பதைச் சகோதரரிடம் தயக்கத்தோடு சொன்னோம். "என் வீட்டம்மாவுக்குப் பலகையே பிடிக்காது" என்றார்.

அந்த மகளைப் பற்றிக் கேட்பீர்கள். சம்பந்தம் முறிந்தபின் அவள் திரும்ப வருவாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஞாயிறு திறந்த முதல் மாதத்திலேயே வந்தாள். நான்கு பற்களை எடுத்து, கம்பி போட்டு, அறுவை எதுவும் இல்லாமல் சிகிச்சை நடந்தது. ஒரு ஞாயிறும் தவறவில்லை. பத்தொன்பதாம் மாதத்தில் கம்பியை எடுத்தோம். இப்பொழுது இரவில் பிளேட் போட்டுக்கொள்ளுகிறாள். அவளுடைய கலியாணத்தைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை. கேட்க எங்களுக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. போன மாதம் அவளே சொன்ன ஒரு செய்தி உண்டு. விடுதியில் தன்னோடு தங்கியிருக்கிற இரண்டு பிள்ளைகளை அழைத்துவந்திருந்தாள். அவர்களிடம், "ஒன்றரை வருஷம் ஆகும், ஆனா பொய் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லித்தான் கூட்டிவந்தாளாம்.

பிரியமானவர்களே, நீங்கள் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் உழைப்பில் வந்தது என்று அறிவோம். புதிய கருவி வந்தால் அதை எல்லாரும் பார்க்கலாம், தொடலாம், படம் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறந்திருக்கிற ஒரு கதவைப் படம் எடுத்து அனுப்ப எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே இன்று கூடுகை முடிந்தபின் பல் பிரிவின் பக்கம் ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களோடு பேசுங்கள். பதிவேடு மேசையின்மேல் இருக்கும். சகோதரர் செய்ததுபோல நீங்களும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். எங்கள் கண்ணுக்குத் தப்பினது ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் எங்களிடம் சொல்லுங்கள்.